இரண்டாவது சிடி

திண்டிவனத்தில் பஸ் கிளம்பியதும் முன்சீட்டு வழுக்கைத் தலைக்காரர், "இப்பவாவது அந்தக் கோட்டைக் கதவு தொறக்கும்டா" என்றார்.

பக்கத்திலிருந்த நண்பர் சிரித்தார். "காலேஜ்ல ஆடின கம்ப்யூட்டர் கேமா? பதினஞ்சு வருஷமா அங்கயே நின்னுக்கினு இருக்கியா?"

"அதையே மறுபடியும் புதுசா வுடப்போறாங்களாம்."

"ஜோரு. திரும்பவும் சட்டி, பூனைன்னு கண்டதையெல்லாம் மவுஸால தட்டிக்கினு இரு. ஊட்டுல வெங்காயம் உரிக்கச் சொன்னா மட்டும் கை வலிக்கும்."

"கதவத் தட்டினா ரெண்டாவது சிடியப் போடுன்னு கேட்டுது. அத வாங்கிக்கினு போனது யாரு?"

விக்கிரவாண்டி வந்ததும் நண்பர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மெதுவாக, "அந்த சிடிய மல்லாட்டைக் கொல்லையில, கடலை திங்கற காக்காவ ஓட்டக் கட்டி வுட்டேன்டா" என்றார்.

"பரவால்ல. கதவுக்கு அந்தாண்ட என்னா இருக்குதுன்னு காக்காவாவது பாத்திருக்கும்."