ஆறாவது துடுப்பு

— எழுதிக்கோ, டீச்சரம்மா. அன்னிக்கு விடியக்காலைல கரையில இருந்தவங்க: உங்கப்பா கில்பர்ட் ஹால்க்ரோ, மவுட் அண்ணன் தம்பி ரெண்டு பேரு, ஜெரோம் ஜேமிசன், கிழட்டு ஸ்காலி. அப்புறம் எங்கப்பா ஆண்ட்ரூ இங்க்ஸ்டர், கையில பிடிலோட. எங்கம்மா, வயித்துல நான். வேற ஈ காக்கா இல்ல.

— நில்லு லாரன்ஸு. உங்கப்பா கரையிலயா இருந்தாரு? குடிச்சுட்டு வீட்டுல தூங்கிட்டாரு, அதனாலதான் படகைத் தவறவிட்டாருன்னு எங்கம்மா சொல்லுவாங்க.

— உங்கம்மா சொல்லுவா! பார்த்தாளாக்கும்.

— எங்கம்மாவைத் தொடாதே. புருஷனைக் கடலுக்குக் குடுத்துட்டு, “பாவம் ஆண்ட்ரூ, போதையில என்ன தெரியும்”னு மன்னிச்சவங்க. வருஷா வருஷம் உப்புக்கண்டம் போட்ட ஆட்டுத்தொடை உங்க வீட்டுக்கு வந்துச்சே, தின்னியா இல்லையா?

— தின்னேன். ஒவ்வொரு துண்டும் தொண்டையில முள்ளா நின்னுச்சு. நீ என்ன எழுதி வச்சிருக்கே, அதைப் படி.

— “ஆறாவது துடுப்பு. குடிபோதையில் படகைத் தவறவிட்ட ஆண்ட்ரூ இங்க்ஸ்டர், ஐந்து தோழர்களும் மூழ்கிய துக்கத்தில் கட்டிய மெட்டு.” நாளைக்கு லெர்விக் டவுன்ல மெட்டுப் புஸ்தகம் அச்சுக்குப் போகுது.

— கோடு போட்டு அடி அதை. எங்க குடும்பத்துப் பேரு அப்படி அச்சுல ஏறக் கூடாது. துக்கமாம்! நீங்கதான் எழவு வீடு மாதிரி இழுத்து வாசிக்கிறீங்க. அது துள்ளி ஆடுற மெட்டு. படகைத் தள்ளும்போதே வாசிச்சது.

— படகு கிளம்பும்போதா? ஆறு பேரு வலிக்கிற படகை அஞ்சு பேரு வலிச்சுட்டுப் போறாங்க, இவரு ஏறாம நின்னு வாசிச்சாரா?

— கடல் பறவையெல்லாம் பார்லி வயல்ல வந்து உக்காந்திருந்துச்சு. எங்கப்பா பார்த்துட்டாரு.

— புயல்னு தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சும் எங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லல?

— நீ இந்தத் தீவுலதானே பொறந்தே? கடலுக்குக் கிளம்புறவன்கிட்ட காத்தைப் பத்திப் பேசலாமா? சொன்னா வராத புயலும் வருமே! அப்படிச் சொன்ன ஒருத்தன் பல்லை உடைச்சவரு உங்கப்பா.

— அதனால?

— அதனால பிடிலை எடுத்தாரு. மீனோட கரை சேரும்போது வாசிக்கிற மெட்டு இருக்கே, அதை ஆரம்பிச்சாரு. கிளம்புற நேரத்துல அதை வாசிச்சா, ‘திரும்பி வாங்கடா’ன்னு புரிஞ்சுக்குவாங்கன்னு.

— புரிஞ்சுதா?

— நல்ல சகுனம்னு நினைச்சுட்டாங்க. உங்கப்பா தொப்பியைக் கழட்டி ஆட்டினாரு. தாளத்துக்குத் துடுப்புப் போட்டாங்க. இவரு பதறிப்போய் வேகமா வாசிக்க வாசிக்க, அவங்க வேகமாப் போனாங்க. அந்தப் பதட்டத்துல பழைய மெட்டு திரிஞ்சு இதுவா ஆச்சு.

— கடவுளே.

— ம்.

— எங்கம்மா சாகுற வரைக்கும்…

— உங்கம்மா மன்னிச்சது ஒரு குடிகாரனை. அப்படி யாரும் எங்க வீட்டுல இருந்ததில்ல. பேனாவை எடு, அடி.

— இதைவிட அது மேல், லாரன்ஸு. குடிச்சிருந்தாருன்னே இருக்கட்டுமே. ஊரே அப்படித்தானே சொல்லுது.

— குடிக்கல. குடிச்சிருந்தா வாயைத் திறந்திருப்பாரு.