ஏழாம் பீரியடுக்கு நாணி எழுதிய மடல்

இருபத்தாறு ஆண்டுகள் எங்கள் பள்ளியில் இன்முகத்தோடு ஆங்கிலம் அளித்த அன்பின் உருவே! சொல்லின் வேர்வரை சென்று சுவை கண்ட சொர்ணவல்லி அம்மையீர்! தலை குனிந்தே வணங்குகிறோம்.

இம்மடலை எழுதியவர் தமிழாசிரியர் அறிவுச்செல்வன். வராத ஆசிரியரின் வகுப்புக்கு யார் போவதென்று தினமும் சப்ஸ்டிட்யூஷன் நோட்டில் எழுதுபவரும் அவரே. வேறு யார் பெயரை எழுதினாலும் முகம் சுளிப்பார்கள். உங்கள் பெயருக்கு மட்டும் சத்தம் வராது. "டீச்சருக்கு லீஷர்தானே? புள்ளையா குட்டியா, போகட்டுங்க" என்பார் அறிவுச்செல்வன். நாங்களும் வெட்கமின்றித் தலையாட்டினோம்.

ஈராண்டுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. கல்யாணம் செய்துகொள்ளாமல், தாயில்லாத தங்கை மகள் புவனேஸ்வரியை வளர்த்தவர் நீங்கள். அன்று மாலை திருமயத்தில் அவளுக்கு நிச்சயதார்த்தம். "ஏழாவது பீரியட் மட்டும் என்னைய விட்டுருங்க சார், நான்தான் தட்டு மாத்தணும்" என்று கேட்டீர்கள். சரியென்ற மனிதர், கை பழகிய வழக்கத்தில் உங்கள் பெயரையே எழுதிவிட்டார். நீங்களும் வாய் திறவாமல் ஒன்பதாம் வகுப்புக்குப் போனீர்கள்.

வராந்தாவில் போன அவர் காதில் உங்கள் பாடம் விழுந்தது. "எம்ப்டின்னா இன்னைக்கு வெறும் பானை, வெறும் வீடு. ஆதியில அது மனுசங்களைச் சொன்ன சொல்லு. வேலையில்லாம ஓய்வா இருக்கறவங்க. கல்யாணம் ஆகாதவங்களையும் அப்படித்தான் சொன்னாங்க." பிள்ளைகள் சிரித்தார்கள், நீங்களும் சிரித்தீர்கள்.

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. உள்ளே போய் உங்களை அனுப்பியிருக்கலாம். கூச்சத்தில் மணி அடிக்கும்வரை தூணோரமே நின்றார். நீங்கள் போய்ச் சேர்ந்தபோது தட்டு மாற்றி முடிந்திருந்தது. மறுநாள் "பரவாயில்லங்க" என்றீர்கள். அந்த ஒரு சொல் அவரைத் தூங்கவிடவில்லை.

அப்படியும் திருந்தினோமா? உங்கள் பணிநிறைவுக்கான இவ்விழாவின் நேரத்தை உங்களைக் கேட்காமலேதான் குறித்தோம். இன்று மாலை புவனேஸ்வரிக்கு வளைகாப்பு என்பது நேற்றுதான், அதுவும் அவள் வாய்மொழியாகத் தெரிந்தது. உங்கள் கையால்தான் முதல் வளையல் ஏறவேண்டுமாம்.

பொறுமையின் பெட்டகமே! நோயின்றி, நொடியின்றி, நும் விருப்பம்போல் நூறாண்டு வாழ்க! மன்னிக்கச் சொல்லிக் கேட்க எங்களுக்கு வாயில்லை. வாசலில் கார் நிற்கிறது, இப்போதே புறப்படுங்கள். மிச்சப் பேச்சையெல்லாம் உங்கள் காலி நாற்காலியிடம் பேசிக்கொள்கிறோம்.

நாணத்துடன்,
ஆசிரியர்கள், அலுவலர்கள்