ஓடைக்கரையில் ஒன்பது செந்நாய்

கொஞ்சம் இருங்க... பேச்சை இங்கேயே நிறுத்திட்டு, உங்களை ஒரு மாட்டுப்பட்டி வரைக்கும் கூட்டிட்டுப் போறேன். சின்னக் கதைதான், வாங்க!

பர்கூர் மலையில மாதேவின்னு ஒரு அம்மா. வீட்டுக்காரர் பேரு சிக்கண்ணன். பதினெட்டு பசு, அஞ்சு கன்னுக்குட்டி. எல்லாம் ஒண்ணாத்தான் காட்டுக்கு மேயப் போகும். திடீர்னு சிக்கண்ணனுக்கு ஒரு யோசனை. "கன்னு கூடவே போனா பாலை அதுவே குடிச்சிடுது. பால் சொசைட்டிக்கு என்னத்த ஊத்தறது?" தாய்களை மேட்டுக்கு ஓட்டினார். கன்னுகளைத் தனியா ஓடைக்கரையில விட்டார்.

என்ன ஆச்சு? செந்நாய் வந்துச்சு! ஒரே வாரத்துல ரெண்டு கன்னு... போச்சு.

மனுஷன் கொதிச்சுப் போயிட்டார். பூச்சிமருந்தைத் தூக்கிட்டு, செத்த கன்னு மேல ஊத்தக் கிளம்பிட்டார். தின்ன வர்ற அத்தனை நாயும் சாகணும்!

"ஏங்க, நில்லுங்க!"

"நிக்கறதா? மாலை போட்டு வரவேற்கச் சொல்றியா?"

"தாய் பக்கத்துல இருந்தப்ப ஒரு கன்னாவது போச்சா? பிரிச்சு விட்டது யாரு... செந்நாயா?"

"அப்ப பாலு?"

"குறையட்டும். நாளைக்கு நான் ஓட்டறேன். ஒரு கன்னு போனாலும், மருந்தை நானே ஊத்தறேன்."

பாருங்க, எவ்வளவு பெரிய வார்த்தை! மிச்சம் இருக்கறது மூணே கன்னு.

மறுநாள் மாதேவி எல்லாத்தையும் சேர்த்து ஓட்டினாங்க. சிக்கண்ணனும் பின்னாலேயே போனார். அதே ஓடைக்கரை... புதர் அசையுது... ஒண்ணு, ரெண்டு... ஒன்பது செந்நாய்!

ஒரு செவலைப் பசு தலையைத் தூக்கி ஒரே கத்து! அவ்வளவுதான். மந்தை அப்படியே சுருங்குச்சு. கன்னு மூணும் நடுவுல. சுத்தி வட்டமா தாய்ங்க. வெளியே பார்த்துக் கொம்பு, கொம்பு, கொம்பு! ஒரு நாய் உள்ளே பாய்ஞ்சுது. செவலை ஒரு வீசு... நாய் உருண்டு எழுந்து ஓடுது! நம்ம சிக்கண்ணன்? பாறை மேல ஏறி நின்னு கத்தறார்: "விடாதே செவலை, விடாதே!"

"கீழே இறங்கி வந்து சொல்லுங்க!"ங்கறாங்க மாதேவி.

செந்நாய்ங்க ரெண்டு சுத்து சுத்திப் பார்த்துச்சு. சரிப்படாதுன்னு மான் மேயற பக்கம் போயிடுச்சு. மூணு கன்னும் பட்டி சேர்ந்துச்சு.

இப்ப உங்களைக் கேக்கறேன். சிறுத்தை வந்தா கூண்டு வைங்கங்கறோம், செந்நாய் வந்தா சுடுங்கங்கறோம். நாம எப்படி மேய்ச்சோம்னு ஒரு தடவையாவது கேட்டோமா? மானைத் துரத்தற மிருகத்துக்கு, காவல் இல்லாத கன்னைக் காட்டிப் பழக்கினது நாமதானே! காட்டு மிருகம் மாறணும்னு காத்திருக்காதீங்க. மேய்க்கற விதத்தை நாம மாத்தலாம்... நாளைக்குக் காலையிலேயே மாத்தலாம். கன்னைத் தாயோட அனுப்புங்க. நீங்களும் கூடவே போங்க!