இரண்டாம் முறை கழுவியவன்

பாத்திரம் கழுவுவது எனக்குப் பிடித்த வேலை, ஐயா. சம்பளத்துக்குச் செய்வதும் ஏறக்குறைய அதுதான்.

நாங்கள் எழுதும் கணினி இயங்குதளத்தின் அடிமட்டத்தில் பைப் என்று ஒன்று உண்டு. ஒரு நிரல் தரவை ஊற்றும், இன்னொன்று குடிக்கும். நடுவில் சில பஃபர்கள், டம்ளர்களைப் போல, மாறி மாறிப் பயன்படும். குடித்து முடித்ததும் கழுவி வைக்க நிரலில் ஒரு வரி. அடுத்து எடுக்கும்போது மறுபடி கழுவ இன்னொரு வரி. அந்த இரண்டாவது வரி என்னுடையது. குடிப்பவன் பாதியில் எழுந்து போனால் முதல் கழுவல் நடக்காது. மிச்சம் அடுத்தவன் வாய்க்குப் போகும். கண்ணால் பார்த்த பிறகுதான் எழுதினேன்.

அக்காவின் கணவர்தான் எங்கள் குழுத் தலைவர். அவர் ஒப்புதல் இல்லாமல் எதுவும் உள்ளே போகாது. ஒரு கூட்டத்தில் அந்த வரியைத் திரையில் காட்டி, "கழுவின டம்ளரையே திரும்பக் கழுவுறாரு நம்ம மச்சான். பயந்தாங்கொள்ளி," என்றார். காரணம் சொல்ல வாயெடுத்தேன். சிரிப்பில் யாருக்கும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அலுவலகத்தில் என் பெயர் 'டபுள் வாஷ்'. வீட்டில் அக்காவும் ஒருநாள் அப்படிக் கூப்பிட்டாள். மனதில் குறித்துக்கொண்டேன். காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு அவர் சொன்னதையே செய்தேன். பஃபர் கையாளும் பகுதியை எளிமையாக்கினேன். பாதிக்குப் பாதி வரிகள் போயின, என்னுடையதும் போயிற்று. பார்க்க லட்சணமாக இருந்தது. வரி குறைந்தால் அத்தான் படித்துப் பார்க்க மாட்டார் என்று தெரியும். "இப்பதான்டா உருப்பட்டே," என்று முதுகில் தட்டி ஒப்புதல் கொடுத்தார்.

மருத்துவமனைகளில் மருந்து ஏற்றும் கருவிகளிலும் எங்கள் இயங்குதளம்தான். எங்காவது ஒரு கட்டிலின் மருந்தளவு பக்கத்துக் கட்டிலுக்குப் போகும், விசாரணை வரும், அவர் எல்லார் முன்னாலும் தலைகுனிவார் என்பதுதான் என் கணக்கு. கட்டிலில் யார் என்பதை நான் யோசிக்கவில்லை.

அந்தக் கருவிகள் இருந்த ஒரு மருத்துவமனையில் அக்காவுக்கு அறுவை சிகிச்சை என்று முடிவானபோது, "வேற ஆஸ்பத்திரி பாக்கலாமேக்கா," என்றேன்.

"உனக்கு எதையும் ரெண்டு தடவை யோசிக்கணும்," என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். அதற்கு மேல் பேசினால் அந்த வரியைத் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

நேற்று அவளுக்கு ஏறியது பக்கத்துக் கட்டிலின் அளவு. அத்தான் நடைவழியில் தலையிலடித்துக்கொண்டு அழுதார். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள்.

அந்த வரியைத் தெரிந்தேதான் எடுத்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அக்காவை எச்சரிக்கவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். ஒருமுறை சொன்னேன். இரண்டாம் முறை சொல்லியிருந்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள்.