ஆடாத கை

எனக்கு ஆடுகிற சாமான் எதுவும் ஆகாது, சார். டீக்கடையில் பெஞ்சு ஆடினால்கூட, தாளை மடித்து அதன் காலுக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் உட்காருவேன். இந்த நாற்காலியும் ஆடுகிறது. போலீஸ் ஸ்டேஷன் நாற்காலி அல்லவா, அதற்கும் உள்ளுக்குள் பயம் இருக்கும். பரவாயில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் தாணுமாலயன். கருங்கல் ஊர்ச் சந்தைக்கு எதிரே மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் பதினொரு வருடம் மலேசியாவில் ஒரு ஹார்ட் டிஸ்க் கம்பெனியில் வேலை. உங்களுக்கு அது ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு தட்டு சுற்றும். தட்டின்மேல், தலைமுடி கனம்கூட இல்லாத உயரத்தில், மெல்லிய எஃகுக் கை ஒன்று மிதந்துகொண்டே படிக்கும். தட்டு சுற்றுகிற வேகக் காற்றில் அந்தக் கை நடுங்கும். நடுக்கத்தைக் குறைப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை. நடுங்கி நடுங்கித் தட்டைத் தொட்டால் கீறிவிடும். கீறினால் உள்ளே இருந்தது போனதுதான், யார் வந்தாலும் மீட்க முடியாது.

நான் ஒரு யோசனை சொன்னேன். கை வளைகிற இடத்தில் ஒரு சொட்டுப் பசை. உறைந்ததும் ரப்பர் மாதிரி இருந்து நடுக்கத்தை வாங்கிக்கொள்ளும். மேலதிகாரி சிரித்தான். பசை ஒருநாள் பெயர்ந்து தட்டில் விழும் என்றான். மூன்றே மாதத்தில் என்னை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஆள்குறைப்பு என்று காரணம் சொன்னார்கள். கூட நானூறு பேரையும் அனுப்பினார்கள், அது வேறு விஷயம். அறிவாளியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள எல்லோராலும் முடியாது.

அந்தச் சிரிப்பு மட்டும் காதிலேயே இருந்தது. யோசனையைச் செய்து காட்ட எனக்கு அந்தக் கம்பெனியின் அதே மாடல் வேண்டும். இங்கே எங்கே கிடைக்கும்? ஐந்து வருடம் காத்திருந்தேன். போன கிறிஸ்மஸ் கழிந்து, இனயம் கடற்கரையிலிருந்து சகாயசெல்வி அதைத் துவர்த்துத் துண்டில் பொதிந்து கொண்டுவந்தாள். சந்தையில் மீன் விற்கிறவள். டிஸ்க்கின்மேல் ஒரு மாதா ஸ்டிக்கர், கிரீடத்தின் ஓரம் கொஞ்சம் கிழிந்தது.

"அண்ணே, இது ரொம்ப வருசமா ஓடமாட்டேங்குது. இதுலதான் எனக்க மாப்பிளைக்க பேச்சு கிடக்கு."

அவள் கணவன் கிளீட்டஸ் கத்தாரில் மீன்பிடிப் படகில் இருந்தவன். நடுக்கடலில் போன் கிடைக்காது. அதனால் பேச நினைத்ததையெல்லாம் வீடியோ எடுத்துவைத்து, ஊருக்கு வந்ததும் இந்த டிஸ்க்கில் ஏற்றினான். வந்த வருடமே இனயத்திலிருந்து வள்ளத்தில் போனான், புயல் அடித்தது. வள்ளமும் வரவில்லை, அவனும் வரவில்லை. போனும் அவனோடு போயிற்று. மகள் ரெஜிஷாவுக்கு அப்போது பத்து மாதம். இப்போது ஒன்பது வயது.

"மே மாசம் அவளுக்குப் புதுநன்மை அண்ணே, கோயில்ல முதல்தடவையா நற்கருணை வாங்கப்போறா. அன்னைக்கு அவ அப்பன் பேசினத ஒருக்கா கேக்கணும். அவளுக்கு அவருக்க சத்தமே தெரியாது."

"உள்ளே அடி பலமா இருக்கும் போல. பாக்கிறேன் தங்கச்சி, பொறு" என்றேன்.

வேலையை நான் அலட்சியமாகச் செய்யவில்லை. தூசி படாமல் டிஸ்க்கைத் திறக்க, மீன்தொட்டி ஒன்று வாங்கிக் கவிழ்த்து, கை நுழைய ஓட்டை போட்டேன். பசையை உறைய வைக்க ஒரு ஊதா வெளிச்சம் வேண்டும். பக்கத்து பியூட்டி பார்லர் ஜெப்சியிடம் நகப்பூச்சு காயவைக்கிற விளக்கைக் கேட்டேன்.

"தாணு அண்ணனுக்கு இந்த வயசுல நெயில் பாலிஷா?" என்று சிரித்தாள். எந்த ஊரில்தான் ஆராய்ச்சிக்கு மரியாதை இருந்திருக்கிறது, சார்.

பசை வைத்து, டிஸ்க்கை ஓட்டி, ஓடுகிற ஜெனரேட்டரின்மேல் வைத்தேன். இரண்டு நாள் கை ஆடவில்லை. அத்தனை நடுக்கத்திலும் ஆடவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீடியோ எடுத்து யூடியூபில் போட்டேன், மலேசியாக்காரன் பார்க்கட்டும் என்று. மூன்றாம் நாள் உள்ளே கரகரவென்று ஒரு சத்தம். பசை பெயர்ந்து தட்டில் விழுந்திருந்தது. யோசனையில் பிழையில்லை. அந்த வாரம் கருங்கலில் உஷ்ணம் அதிகம்.

அதற்குப் பிறகும் சகாயசெல்வி சனிக்கிழமைதோறும் மாடி ஏறி வந்தாள். கையில் இலையில் பொதிந்த மீன் இருக்கும். "ஆச்சா அண்ணே?" என்பாள். "நுணுக்கமான வேலை" என்பேன். ஒரே அடியாகச் சொல்லி அவளை நோகடிக்க மனம் வரவில்லை. ஒன்பது சனிக்கிழமை. நெய்மீன் நல்ல ருசி.

புதுநன்மைக்கு முந்தின வாரம் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்து, முடியவில்லை என்றேன். அழுதாள். ஆனாலும் விருந்துக்கு அழைத்தாள். போகாவிட்டால் மரியாதை இல்லை, போனேன். வெள்ளை கவுனில் அந்தப் பிள்ளை என் முன்னால் முழங்காலிட்டது. "மாமன் உனக்காக ரொம்ப கஷ்டப்பட்டாவ மக்கா" என்றாள் தாய். தலையில் கைவைத்து ஆசீர்வதித்தேன். பிரியாணியில் உப்பு கொஞ்சம் குறைவு.

பிறகுதான் அவள் தம்பி வினோஜ் யூடியூபில் என் வீடியோவைப் பார்த்திருக்கிறான். ஜெனரேட்டர்மேல் ஓடுகிற டிஸ்க்கில், கிரீடம் கிழிந்த அதே மாதா ஸ்டிக்கர். அதை நான் உரித்திருக்கலாம். மாதா படத்தைக் கிழிக்கக் கை வரவில்லை, எனக்கும் தெய்வபயம் உண்டு. அதை யாரும் புகாரில் எழுதவில்லை பார்த்தீர்களா?

கொண்டுவரும்போது டிஸ்க்கில் என்ன கேடு என்று கேட்டீர்கள். ஒன்றுமில்லை. வயர்தான் அறுந்திருந்தது. அன்று அவள் படியிறங்கிப் போனதும் வேறு வயர் மாட்டினேன், உடனே ஓடியது. பிரதி எடுத்து வைத்திருக்கலாமே என்கிறீர்கள். கை ஆடாது என்று எனக்கு நிச்சயம் இருந்தது சார். பிரதி எடுத்தால் சந்தேகப்படுவதாக ஆகாதா?

நாற்பத்தொரு வீடியோ. எல்லாம் பார்த்தேன், டிஸ்க் நலமா என்று தெரியவேண்டும் அல்லவா. கடைசி வீடியோ வீட்டில் எடுத்தது, குழந்தை மடியில் இருக்கிறது. அவனுக்குக் கொஞ்சம் கட்டைக்குரல். "ரெஜி மக்கா, அப்பா கடல்ல போயிற்று வாறது வரை உறங்காத, கேட்டியா" என்று சொல்லி, அவனே சிரிக்கிறான். இப்போது அந்தச் சத்தம் என் காதில் மட்டும்தான் இருக்கிறது.

மற்றதெல்லாம் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நான் அதைக் கேட்டதை மட்டும் விட்டுவிடுங்கள். ஒன்பது சனிக்கிழமை அந்த அம்மா என்னை நம்பி மாடி ஏறியவள். அந்த நம்பிக்கையை நான் கெடுத்தேன் என்று ஆகக்கூடாது.