குதிரை என்னுடையது என்று சொன்னது

மாமல்லபுரம் காவல் நிலையம். நாள் 19.09.2003, வெள்ளிக்கிழமை, காலை 10.30 மணி. மனு விசாரணைக்காக வரச்சொல்லி, பெண் காவலர் ரேணுகா முன்னிலையில், உதவி ஆய்வாளரால் பதிவு செய்யப்பட்டது.

பெயர் வேண்டா, வயது 41, கணவர் பெயர் தனகோடி, எண் 14, குளக்கரைத் தெரு, பட்டிபுலம் கிராமம், செங்கல்பட்டு வட்டம், காஞ்சிபுரம் மாவட்டம். தொழில், குதிரைக் கொட்டில் வேலை.

நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து வருகிறேன். என் கணவர் மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் காவலாளி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவார். நான் ஐந்தாவது வரை படித்திருக்கிறேன். எழுத வரும், வேகமாக வராது. எங்கள் ஊர் எல்லையில் கடற்கரைப் பக்கமாக உள்ள பக்தவத்சலம் என்பவரின் பண்ணையில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். அங்கே மூன்று குதிரைகள் உண்டு. அதில் ஒன்று சென்னையில் பந்தயத்தில் ஓடி, முன்னங்கால் பழுதாகி, நான்கு வருடத்துக்கு முன்பு பண்ணைக்கு வந்த பெண் குதிரை. அதற்குக் காகிதத்தில் ஒரு இங்கிலீஷ் பேர் இருக்கிறது, எனக்குச் சொல்ல வராது. ஓயாமல் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பதால் நான் ஜிமிக்கி என்று கூப்பிடுவேன். முதலாளியின் மகள் லீவு நாளில் வந்து அதன்மேல் சவாரி போவாள். அந்தப் பெண்ணை லண்டனுக்குப் பக்கத்தில் காலேஜில் சேர்ப்பதற்காக முதலாளி 16-ஆம் தேதி ராத்திரி விமானத்தில் அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

17-ஆம் தேதி புதன்கிழமை காலை ஐந்தரை மணிக்கு நான் கொட்டிலைத் திறந்தபோது ஜிமிக்கி முந்தின நாள் வைத்த புல்லைத் தொடவே இல்லை. சாணம் போடவில்லை. முன்காலால் தரையைப் பறித்துப் பறித்துப் பள்ளமாக்கி இருந்தது. கழுத்தைத் திருப்பித் தன் வயிற்றைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது, மறுபடியும் வயிற்றைப் பார்த்தது. உடம்பெல்லாம் வேர்வை. நான் உடனே மேனேஜர் ஜானகிராமன் அவர்களை எழுப்பிச் சொன்னேன். அவர் வந்து பார்த்துவிட்டுக் கால்நடை டாக்டருக்குப் போன் செய்தார். டாக்டர் ஏழரை மணிக்கு ஸ்கூட்டரில் வந்தார். ஊசி போட்டார், மூக்கு வழியாகக் குழாய் விட்டார், பின்பக்கம் கையை விட்டுப் பார்த்தார். குடல் முறுக்கிக்கொண்டது, ஊசியில் தீராது, ஆபரேஷன்தான் செய்யவேண்டும், கேளம்பாக்கம் தாண்டி ஒரு தனியார் கால்நடை மருத்துவமனையில் குதிரைக்கு ஆபரேஷன் செய்கிறார்கள், மத்தியானத்துக்குள் மேசையில் ஏற்றினால் பார்க்கலாம் என்று சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். போகும்போது, குதிரையைப் படுக்கவிடாதே, உருண்டால் முறுக்கு இன்னும் இறுகும், நடத்திக்கொண்டே இரு என்று என்னிடம் சொன்னார்.

அதன் பிறகு நான் ஜிமிக்கியைக் கயிற்றில் பிடித்துத் தென்னை வரிசை ஓரமாக மேலும் கீழும் நடத்தினேன். மேனேஜர் ஆபீஸ் ரூமுக்கும் வாசலுக்குமாக வந்து வந்து போனார். முதலாளியின் செல் போன் அணைத்திருக்கிறது, இன்னும் விமானத்தில் இருக்கிறார் என்றார். நான் வண்டி பிடிக்கலாமா என்று கேட்டேன். அதற்கு அவர், “நான் இன்னா பண்ணட்டும்மா? அவரு பொண்ணு குதிர அது. கேக்காம வெளிய அனுப்பி வழியில செத்துச்சுனா யாரு பதில் சொல்றது?” என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர்மேல் எனக்கு விரோதம் எதுவும் கிடையாது என்பதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்பது மணிக்குள் ஜிமிக்கி இரண்டு தடவை என் கையை மீறிப் படுத்து உருண்டது. இரண்டாவது தடவை எழுப்ப எனக்குத் தெம்பு போதவில்லை. அதன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, எழுந்திருடி என்று கன்னத்தில் அடித்தேன். அதுவரை நான் அதை அடித்ததில்லை. எழுந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது ஈறு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது.

ஒன்பதரை மணிக்குப் பச்சைப்புல் போடுகிற துரை தன் சின்ன லாரியில் வந்தார். அவர் திருப்போரூர்க்காரர், தினமும் வருகிறவர். அவர் குதிரையைப் பார்த்து, “இன்னாக்கா, இப்டி கீது? ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவல?” என்று கேட்டார். அப்போது மேனேஜர் மறுபடியும் போன் செய்ய ஆபீஸ் ரூமுக்குள் போயிருந்தார். நான் துரையிடம், முதலாளி உத்தரவு கொடுத்துவிட்டார், புல்லை இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பு என்று சொன்னேன். அது பொய். துரைக்கு அது பொய் என்று தெரியாது. அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

பண்ணையில், ஆபீஸ் ரூமிலிருந்து பார்த்தால் தெரியாத பக்கம், நீச்சல் குளத்துக்கு வெட்டிய மண் ஒரு மேடாகக் கிடக்கிறது. அதில் லாரியின் பின்பக்கத்தைச் சேர்த்து நிறுத்தி, நடுவில் பலகை போட்டு, குதிரையின் கண்ணைக் கோணிப்பையால் மூடி ஏற்றினோம். நல்ல நாளில் லாரியைக் கண்டாலே பின்னுக்கு இழுக்கிற குதிரை, அன்று நான் கூப்பிட்டதும் வந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. அதன் பிறகு நான் கேட்டைத் திறந்தேன். பூட்டை உடைக்கவில்லை. சாவி எப்போதும் என்னிடம்தான் இருக்கும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் வரை வந்தோம். நான் பின்னால் நின்று தலையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். கோவளத்தில் கேளம்பாக்கம் சாலைக்குத் திரும்பும்போது ஜிமிக்கியின் முழங்கால் மடிந்து, அதன் பாரம் முழுவதும் என்மேல் சாய்ந்தது. அதற்கும் பலகைக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன். கத்தினால் துரை நிறுத்திவிடுவார், நிறுத்தினால் நேரம் போய்விடும் என்று கத்தவில்லை. அது தானாகவே கால் ஊன்றி எழுந்தது. காயம் உண்டா என்று கேட்டதற்கு, இடது விலாவில் வலி இருக்கிறது, வைத்தியம் பார்க்கவில்லை.

சுமார் பதினொரு மணிக்கு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம். டாக்டர் வைஷாலி என்கிற அம்மா சீட்டைப் படித்துவிட்டு, வயிற்றில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்த்தார். நீர் சிவப்பாக வந்தது. உடனே அறுக்கவேண்டும், உரிமையாளர் கையெழுத்து வேண்டும் என்றார். படிவம் எழுதுகிறவர் என்னிடம் பேர் கேட்டார். நான் “வேண்டா” என்றேன்.

“பேரு சொல்ல வேணாமா? பேரு இல்லாம இன்னாம்மா எழுதறது?”

“பேரே வேண்டாதாங்க. மூணு பொண்ணுக்கு அப்பறம் பொறந்ததுனால வெச்ச பேரு.”

அவர் எழுதிக்கொண்டார். குதிரை யாருடையது என்று கேட்டார். என்னுடையது என்று சொன்னேன். அவர் என் புடவையையும் காலையும் பார்த்தார். துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்திருக்கும். நான் உரிமையாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஐயா கேட்டதற்கு, முதலாளியுடையது என்று சொல்லியிருந்தால் முதலாளி எங்கே என்று கேட்டிருப்பார்கள்.

அதன் பிறகு துரை லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். குதிரைக்கு மயக்க ஊசி போட்டு, நான்கு காலையும் கட்டிச் சங்கிலியில் தூக்கி மேசையில் வைத்தார்கள். கழுத்துக் கயிற்றைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்கள். மேற்படி கயிற்றை இன்று நிலையத்தில் ஒப்படைக்கிறேன். கதவில் கண்ணாடி இருந்தது. அதன் வழியாகக் கால்கள் மட்டும் தெரிந்தன. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பன்னிரண்டே முக்கால் மணி இருக்கும். டாக்டர் அம்மா கையுறையோடு வெளியே வந்து, எட்டடி நீளத்துக்குக் குடல் கறுத்துப்போய்விட்டது, வெட்டித் தைக்கலாம், ஆனால் பிழைப்பது பாதிக்குப் பாதிகூட இல்லை, வேண்டாம் என்றால் மயக்கத்திலேயே ஊசி போட்டு முடித்துவிடலாம், அதற்கு ஒன்றும் தெரியாது என்றார். நீங்கள்தான் உரிமையாளர், நீங்கள்தான் சொல்லவேண்டும் என்றார். நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். என்னிடம் இப்படிக் கேட்பார்கள் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. காப்பாற்றுவார்கள் அல்லது செத்துப்போகும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்போது நான் கேட்டது,

“மயக்கம் தெளிஞ்சு எயுந்தா வலிக்குமாம்மா?”

“வலிக்கும். மூணு நாளாவது தாண்டணும். தாண்டினாலும் சொல்ல முடியாது.”

“அப்ப தூங்கினே போவட்டும்மா. காலைலேர்ந்து அது பட்டது போதும்.”

இன்னொரு படிவம் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட ஆரம்பித்தேன். அந்த நேரத்தில் தலைமைக் காவலர் ஜெபகுமார் அவர்கள் துரையையும் அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். பதினொன்றரை மணிக்கு முதலாளி விமானம் இறங்கிப் போனை எடுத்ததாகவும், குதிரையைக் காணவில்லை என்று மேனேஜர் சொன்னதாகவும், முதலாளி சொன்னபடி அவர் புகார் கொடுத்ததாகவும், திரும்பி வந்த லாரியைக் கோவளத்தில் நிறுத்தி விசாரித்ததாகவும் பிறகு தெரிந்துகொண்டேன். தலைமைக் காவலர் என்னைப் பார்த்து, “குதிரைய ஏத்தினு வந்தது நீதானாம்மா? அது உன்னுதா?” என்று கேட்டார். டாக்டர் அம்மாவும் என் முகத்தைப் பார்த்தார். என்னுடையது இல்லை என்று சொன்னேன்.

டாக்டர் அம்மா என்னைத் திட்டவில்லை. படிவத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அதில் “வே” என்கிற எழுத்து மட்டும் இருக்கும். அது நான் எழுதியதுதான். உரிமையாளர் சொல்லாமல் இனி நான் எதுவும் செய்யமுடியாது, வெட்டவும் முடியாது, முடிக்கவும் முடியாது என்று சொல்லிவிட்டு முதலாளியின் நம்பரைக் கேட்டார். தலைமைக் காவலர் மேனேஜரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தார். அடித்தார்கள், கிடைக்கவில்லை. முதலாளி ரயிலில் போய்க்கொண்டிருந்தாராம். டாக்டர் அம்மா உள்ளே போய் ஈரத்துணி போட்டுக் குடலை மூடிவைத்துவிட்டு வந்து மறுபடி அடித்தார். தலைமைக் காவலரும் தன் போனிலிருந்து அடித்தார். வயிறு திறந்தபடி குதிரை மேசையில் கிடந்தது. மயக்கம் எவ்வளவு நேரம் தாங்கும் என்று நான் கேட்டேன். டாக்டர் அம்மா மறுபடி நம்பரை அடித்தார். சுவரில் இருந்த கடிகாரத்தில் ஒன்று ஐந்திலிருந்து ஒன்றரை வரைக்கும் நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். உண்மையைச் சொன்னதனால் அந்த நேரம் போயிற்று. பொய்யையே சொல்லியிருந்தால் குதிரை செத்திருக்கும்.

ஒன்றரை மணிக்கு முதலாளி கிடைத்தார். டாக்டர் அம்மா இங்கிலீஷில் பேசினார். நடுவில் அந்தப் பக்கம் ஒரு பெண் அழுகிற சத்தம் எனக்கே கேட்டது. அது முதலாளியின் மகள், எங்கள் சின்னம்மாவின் குரல். டாக்டர் அம்மா, “சரி, என்னால ஆனத செய்றேன்” என்று தமிழில் சொல்லிவிட்டு உள்ளே போனார். காப்பாற்றப் பாருங்கள் என்று முதலாளி சொன்னதாகத் தலைமைக் காவலர் என்னிடம் சொன்னார். முதலாளி என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்று நான் கேட்கவில்லை.

நாலு மணிக்கு ஆபரேஷன் முடிந்தது. மெத்தை போட்ட ரூமில் குதிரையைக் கிடத்தினார்கள். தலைமைக் காவலருக்கு என்னை நிலையத்துக்கு அழைத்துப்போகும் அவசரம் இருந்தது. இருந்தும் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தார். அதற்குள் ஜிமிக்கி இரண்டு தரம் எழப் பார்த்து விழுந்தது. மூன்றாவது தரம் எழுந்து நின்றது. நான்கு காலும் நான்கு பக்கம் போனது, ஆனாலும் நின்றது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கூப்பிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்து விழுந்துவிடப் போகிறது என்று கூப்பிடவில்லை. அதன் பிறகு என்னை நிலையத்துக்கு அழைத்து வந்து விசாரித்து, கூப்பிட்டால் வரவேண்டும் என்று சொல்லி அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

குதிரையைத் திருடி விற்கும் எண்ணம் இருந்ததா என்று ஐயா கேட்டதற்கு, இல்லை. வேறு யாராவது தூண்டினார்களா என்று கேட்டதற்கு, யாரும் இல்லை. கையெழுத்துப் போட்டு முடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டதற்கு, ஒரு நிமிடம் முன்னால் பேனா கிடைத்திருந்தால் ஜிமிக்கி இன்று இருக்காது. காப்பாற்றத்தான் ஏற்றிக்கொண்டு போனேன். சாகச் சொன்னதும் நான்தான். பிழைக்கவைக்கச் சொன்னது என்மேல் புகார் கொடுத்தவர்கள். இதில் எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் வலியில்தான் நிற்கிறதா என்றும் தெரியவில்லை. பண்ணை ஆட்கள் யாரையும் குதிரையிடம் விடக்கூடாது என்று முதலாளி போனில் சொல்லிவிட்டதால் நேற்று நான் மருத்துவமனைக்குப் போயும் வாசலோடு திரும்பிவிட்டேன்.

இன்று காலை நான் கெஞ்சிக் கேட்டதன்பேரில் பெண் காவலர் ரேணுகா மருத்துவமனைக்குப் போன் செய்து விசாரித்தார். குதிரை நிற்கிறது, நேற்று சாயங்காலத்திலிருந்து தண்ணீர் வைத்தும் வாய் வைக்கவில்லை, அது கெட்ட அறிகுறி என்று சொன்னார்களாம்.

ஜிமிக்கி, வைத்த தண்ணீரைத் தானாகக் குடிக்காது. பந்தயத்தில் இருந்தபோது எப்படிப் பழக்கினார்களோ தெரியாது, வந்த நாளிலிருந்தே அப்படித்தான். வாளியைக் கீழே வைக்கக்கூடாது. நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, கையை உள்ளே விட்டுச் சளக் சளக் என்று சத்தம் வருகிற மாதிரி அலசவேண்டும். காது இரண்டும் முன்னால் வரும். அப்போது கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தால் கை ஓரமாகக் குடிக்கும். இது மேனேஜருக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. நான் போகவேண்டும் என்று கேட்கவில்லை. யார் கையாக இருந்தாலும் சரி. இதை மட்டும் அவர்களுக்கு இன்றைக்கே சொல்லிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னதை எழுதி எனக்கு நிதானமாகப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. யார் பயமுறுத்தியும் சொல்லவில்லை. எல்லாம் நடந்தது நடந்தபடி நிஜம்.

(ஒப்பம்) வேண்டா

குறிப்பு: தண்ணீர் கொடுக்கும் முறை பற்றி மேற்படி மருத்துவமனைக்குப் பகல் 12.40 மணிக்குத் தொலைபேசியில் தெரிவிக்கப்பட்டது. எடுத்துப் பேசியவர் டாக்டரிடம் சொல்வதாகக் கூறினார்.

(ஒப்பம்) ரேணுகா, பெண் காவலர்