ஆயிரமாவது நாள்

என் கையெழுத்து நன்றாக இருக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. அந்த நோட்டைப் படிக்க உங்களுக்குச் சிரமம் இருந்திருக்காது.

நோட்டுப் போடச் சொன்னது ஐஸ்வர்யா. வேலை தேடுகிறவர்களுக்கு ரெஸ்யூம் எழுதிக் கொடுக்கிற பெண். "இருவத்திரெண்டு வருசம் துறைமுகத்துல இருந்தேன்னா யாரு கேப்பா, அண்ணாச்சி? என்ன சாதிச்சீங்கன்னு தேதி, நேரம் போட்டு அன்னன்னைக்கே எழுதி வைங்க" என்றாள். யோசித்துப் பார்த்தேன், ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. நாற்பத்தெட்டு வயது. பதினேழு விண்ணப்பம் போட்டும் ஒருவரும் கூப்பிடவில்லை. மாதக் கடைசியில் காண்ட்ராக்ட் முடிகிறது. பயத்தில் சோறு இறங்கவில்லை.

கப்பலில் வரும் மரத்தடிகளை அடுக்கி வைக்கிற யார்டில் நான் பாதுகாப்பு சூப்பர்வைசர். 'விபத்தில்லாத நாட்கள்' என்று வாசலில் ஒரு பலகை உண்டு. தினமும் காலையில் எண்ணை மாற்றுவது நான்தான். யார்டுக்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டால் மறுபடி பூஜ்யம். ஆயிரத்தைத் தொட்டால் ரெஸ்யூமில் எழுத ஒரு வரி கிடைக்கும். என்னிடம் வேறு வரி இல்லை.

அன்று 999. மதியம் மூன்று பத்துக்கு ஒரு தடி உருண்டு, அடுக்கிக்கொண்டிருந்த தொழிலாளி ஜேசுபாதத்தின் தொடையில் விழுந்தது. கிரேன் ஓட்டும் நயினார் அதைத் தூக்கி விலக்கினார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டேன் என்று அவரை அடுத்த லாரிக்கு அனுப்பினேன். ஷிப்ட் நாலு மணிக்கு முடியும். ஷிப்ட் முடிந்து, வாசலுக்கு வெளியே நடப்பது எங்கள் கணக்கில் வராது.

ஜேசுபாதத்தை எடைமேடை அறையில் படுக்க வைத்துத் தொடையைத் துண்டால் கட்டினேன்.

"அண்ணாச்சி, காலு சில்லுன்னு ஆவுது. வண்டி எங்கன வருதாம்?"

"வந்துக்கிட்டே இருக்குலே."

பதினைந்து வருடப் பழக்கம், என்னை நம்பினான். மூன்று நாற்பதுக்குத் தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். மூன்று ஐம்பதுக்கு, "ஏஞ்சலினுக்கு ஒரு போன் போடுங்க" என்றான். மனைவி. பிறகு பேசவில்லை.

நாலு மணிக்கு அவனுடைய அட்டையைப் பஞ்ச் செய்தேன். லோடு ஆட்டோவை நானே ஓட்டிப்போய், மெயின் ரோட்டோரம் நிழல் பார்த்துப் படுக்க வைத்தேன். லாரி தட்டிவிட்டதென்று 108-க்குச் சொன்னேன். மறுநாள் காலை பலகையில் ஆயிரம் என்று மாற்றினேன். துக்க வீட்டில் நான் அழுதது நிஜம்.

நோட்டில் அன்றைய பக்கத்தை ஏன் கிழிக்கவில்லை என்று கேட்டீர்கள். நெருக்கடியில் பதறாமல் முடிவெடுத்திருக்கிறேனே, அதுவும் எழுத உதவும் என்று வைத்திருந்தேன். அவன் உயிர் போனது நாலு முப்பத்தைந்துக்கு, ரோட்டில். யார்டுக்குள் யாரும் சாகவில்லை. ரெஸ்யூமில் பொய் எழுதுகிறவன் இல்லை நான், ஐயா.